மாஸ் பிளேனும் தோட்டத்து லோரியும்: சுபாங் காலம் நினைவிருக்கிறவர்கள் எழுதுங்கள்

தெலுக்டத்தோ பையன் | ஞாயிறு, காலை 10.12

பந்திங்கில் பாட்டி வீட்டு அலமாரியை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். அடித்தட்டில் பழைய தோள்பை ஒன்று கிடைத்தது. வெளுத்துப்போன சிவப்பு ரெக்சின், அதன்மேல் வெள்ளையில் வாவ் பட்டம், கீழே நம் மலேசிய விமானக் கம்பெனியின் பெயர், மாஸ் என்று எழுத்து. ஜிப் களிம்பேறி நகரவில்லை. உள்ளே தாள் மாதிரி ஏதோ சரசரக்கிறது. அம்மா சந்தைக்குப் போயிருக்கிறார், கேட்க ஆளில்லை.

எனக்குத் தெரிந்தது புதிய விமான நிலையமான கேஎல்ஐஏ காலத்து மாஸ்தான். அதற்கு முந்திய சுபாங் விமான நிலையக் காலம், ஃபோக்கர் விமானக் காலம் எல்லாம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எழுதுங்களேன். பை எந்தக் காலத்தது என்று யாராவது சொன்னாலும் நல்லது.

மங்குவாளி | ஞாயிறு, காலை 11.05

தம்பி, பையின் வயதைக் கிராணி மகன் வந்து சொல்வார். அந்தக் கணக்கெல்லாம் அவரிடம்தான் இருக்கும். எனக்குத் தெரிந்தது சுபாங் மாடி.

1979. எங்கள் பெரியம்மா ஊருக்குப் போனார். ஊர் என்றால் திருச்சிக்குப் பக்கம். பெரியம்மா பிறந்தது இங்கேதான், ஆனாலும் அதுதான் 'ஊர்'. அதுவரை எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து போனவர்கள் எல்லாரும் கிள்ளான் துறைமுகத்தில் சிதம்பரம் கப்பல் ஏறியவர்கள். பெரியம்மாவுக்குக் கேரித் தீவுப் படகில் ஏறினாலே வாந்தி. சிங்கப்பூரில் வேலை செய்த மகன் மெட்ராஸுக்கு மாஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் அதுதான் பேச்சு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் போய்த் தோட்ட மேனேஜர் துரையிடம் கேட்டு, தோட்டத்து லோரியை வாங்கிக் கொடுத்தார். பெரியம்மா டிரைவருக்குப் பக்கத்தில். நாங்கள் முப்பது பேர் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஒரு தூக்குச்சட்டி புளிச்சோறு, அவித்த முட்டை, தெர்மோஸில் கோப்பி. பாதிப் பேர் ரப்பர் மரத்தில் காலை நேர வெட்டு முடித்து, பாலை நிறுத்துப் போட்டுவிட்டு, கையில் பால் நாற்றம் போகாமலே ஏறியவர்கள். கிள்ளான் வழியாகப் போய்ச் சேர்வதற்குள் தலையெல்லாம் செம்மண்.

சுபாங்கில் வழியனுப்புகிறவர்கள் மேலே ஏறி நின்று பார்க்கலாம். பிளேன் கண்ணெதிரே நிற்கும். பயணிகள் தரையில் நடந்துபோய்ப் படியேறுவார்கள். பெரியம்மா பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தார். எங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பொத்தாம்பொதுவாக மாடியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறிவிட்டார்.

அப்புறம் அவர் எந்த ஜன்னலில் இருக்கிறார் என்று தெரியவில்லை. எங்கள் ஆயா, "எல்லா ஜன்னலுக்கும் காட்டுங்கடா" என்றார். முப்பது பேரும் மூக்கிலிருந்து வால்வரை கையாட்டினோம். உள்ளேயிருந்து யாரோ ஒரு வெள்ளைக்காரர் பதிலுக்குக் கையாட்டினார்.

பெரியம்மாவின் பிளேன் போன பிறகும் யாரும் கீழே இறங்கவில்லை. அடுத்தது வந்து இறங்கியது, அதையும் பார்த்தோம். அதற்கடுத்தது கிளம்பியது, அதற்கும் கையாட்டினோம். சோற்றை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம். எனக்கு மாஸ் என்றால் புளிச்சோற்று வாசனைதான், என்ன செய்ய.

ரப்பர் கொட்டை | ஞாயிறு, காலை 11.20

நாங்களும் லோரியில்தான் அண்ணே போனோம். வழியனுப்பியது எங்கள் மாமாவை. திரும்பும்போது மழை, எல்லாரும் நனைந்துபோனோம். மாமா மட்டும் நனையவில்லை.

கிராணி மகன் | ஞாயிறு, மதியம் 1.48

கூப்பிட்டதால் வந்தேன்.

முதலில் பை. 1987-இல் பட்டத்தின் வடிவத்தை மாற்றிச் சிவப்போடு நீலத்தையும் சேர்த்தார்கள். கம்பெனி பெயரும் அப்போதுதான் மலேசியன் ஏர்லைன் சிஸ்டத்திலிருந்து மலேசியா ஏர்லைன்ஸ் ஆனது. உங்கள் பையில் ஒற்றை நிறப் பட்டமும் வெறும் மாஸும் இருக்கிறதென்றால் அதற்கு முந்தியதாகத்தான் இருக்கும்.

அப்புறம், மாஸ் 1972-இல் வானத்திலிருந்து குதித்ததாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் வேர் 1937-இல் பதிவான மலாயன் ஏர்வேஸ். அதைத் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்று, சிங்கப்பூரின் ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப், கூடவே இம்பீரியல் ஏர்வேஸ். மூன்றில் இரண்டு பேர் கப்பல்காரர்கள். நடுவில் போர் வந்துவிட்டது. 1947-இல்தான் பறந்தார்கள். ஏர்ஸ்பீட் கான்சல் என்ற குட்டி விமானம், ஐந்து பயணிகள், சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு.

1963-இல் மலேசியா உருவானதும் மலேசியன் ஏர்வேஸ். சிங்கப்பூர் பிரிந்த பிறகு, 1967-இலிருந்து மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அதாவது எம்எஸ்ஏ. நாடு இரண்டாகிவிட்டது, விமானக் கம்பெனி மட்டும் ஒரே சட்டியில் சமைத்துக்கொண்டிருந்தது. ஒத்துவருமா? சிங்கப்பூருக்கு உள்நாட்டு விமானம் என்று ஒன்றே கிடையாது, அவர்கள் பார்வை லண்டன், டோக்கியோ பக்கம். நமக்குக் கோத்தா பாருவும் மிரியும் சிபுவும் வேண்டும். 1972 அக்டோபர் 1 முதல் தனித்தனி. போயிங்குகளும் தலைமையகமும் சிங்கப்பூரோடு நின்றன. ஃபோக்கர்களும் உள்நாட்டுத் தடங்களும் நம் பக்கம் வந்தன.

பெயர்ச் சண்டை இன்னும் சுவையானது. எம்எஸ்ஏ என்ற மூன்றெழுத்தை விட மனமில்லாமல் சிங்கப்பூர்க்காரர்கள் மெர்க்குரி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். நம் பக்கம் ஆட்சேபம். கடைசியில் அவர்கள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அதாவது எஸ்ஐஏ ஆனார்கள், நாம் மாஸ் ஆனோம். மலாயில் எமாஸ் என்றால் தங்கம், அந்தப் பொருத்தமும் அமைந்துவிட்டது. ஃபோக்கரோடு தனிக்குடித்தனம் போன கம்பெனி 1976-இல் டிசி-10 வாங்கி, 1982-இல் ஜம்போ 747-உம் வாங்கிவிட்டது. பத்தே வருஷம்.

பெரட்டுக்களம் | ஞாயிறு, மாலை 4.30

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இது யாருடைய ஏக்கம்?

மங்குவாளி அண்ணன் எழுதியதையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு பேர் போனார்கள், பிளேனில் ஏறியது ஒருவர். எங்கள் தோட்டத்தில் அந்த ஒருவரும் கிடையாது. தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி வீட்டுப் பிள்ளைகள் பினாங்குக்குப் பறந்துவிட்டு வந்து கதை சொல்வார்கள், நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். கிராணி மகன் அண்ணனைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

எங்கள் தாத்தா காலத்தில் நம்மவர்களைக் கூட்டமாக ஏற்றிக்கொண்டு போனது கப்பல். 1968-இல் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றானபோது, சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு ரஜூலா கப்பலில் திரும்பிப் போனார்களே, அதுதான் தோட்டத்து மக்களின் பெரிய பயணம். அதற்கு மாடியும் இல்லை, கையாட்டலும் இல்லை. துறைமுகத்து வேலி ஓரத்தில் அழுகைதான். அவர்கள் போய்ச் சில வருஷம் கழித்து மாஸ் பறந்தது. அந்தப் பட்டத்தைப் பார்த்து நான் ஏன் உருக வேண்டும்?

மங்குவாளி | ஞாயிறு, மாலை 4.52

உருகு என்று யார் சொன்னது? நான் உருகியது எங்கள் ஆயாவுக்காக. அவர் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பிளேனில் ஏறாதவனுக்குப் பிளேன் நினைவு இருக்கக் கூடாதா? கல்யாண வீட்டு வாசலில் நின்று நாதஸ்வரம் கேட்டவனுக்கும் அது கல்யாணம்தான்.

சடக்கோர வீடு | ஞாயிறு, இரவு 8.15

ஆண்கள் சண்டை போட்டு முடியுங்கள், நான் துணிக்கு வருகிறேன்.

1986 மார்ச்சில் மாஸ் பணிப்பெண்களுக்குப் புதிய பாத்திக் சாரோங் கெபாயா வந்தது. மாரா தொழில்நுட்பக் கழகத்தின் ஆடை வடிவமைப்புப் பிரிவு வரைந்தது. நான் அப்போது பந்திங் டவுனில் ஒரு தையல்கடையில் பட்டன் கட்டிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் படம் வந்ததும் கடை முதலாளி அக்கா அதை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். வந்த பெண்கள் எல்லாம் அந்தக் கழுத்தைக் காட்டி, "இந்த மாதிரி வெட்டு" என்பார்கள். தீபாவளிக்குத் தாவணி வேண்டாம், கெபாயா வேண்டும் என்று எத்தனை பேர்! எத்தனை அம்மாக்கள் திட்டிவிட்டுப் போனார்கள்!

அந்தத் துணியை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் மங்கலாக மூங்கில் பாய் பின்னல், மலாயில் கெலாராய் என்பார்கள். அதன்மேல் செண்பகம், மல்லிகை, செம்பருத்தி இலை. எங்கள் லயத்து வாசலில் இருந்தவை மூன்றும்! பூ கட்டும் வீட்டில் பிறந்தவள் நான். மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் எண்ணெய் நாற்றம், பூ நாற்றம் என்று கேலி செய்வார்கள். அதே பூவை உடம்பு முழுக்கப் போட்டுக்கொண்டு ஒருத்தி லண்டனுக்குப் பறக்கிறாள் என்று நினைத்தால் மனதுக்கு எப்படியோ இருக்கும்.

எங்கள் அக்கா அந்த வேலைக்கு மனுப் போட்டாள். உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரை அங்குலம்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதில் தோற்றாலும் 'அரை அங்குலம்' என்பது வழக்கமாகிவிட்டது.

ரப்பர் கொட்டை | ஞாயிறு, இரவு 8.31

பிளேனில் குச்சியில் சுட்ட சத்தே இறைச்சி கொடுப்பார்களாமே, உண்மையா?

கிராணி மகன் | ஞாயிறு, இரவு 8.40

உண்மை. ஆனால் முன்பக்க வகுப்புக்காரர்களுக்கு. பின்னால் இருப்பவர்களுக்கு அதன் வாசனை இலவசம்.

லோரி மாமா | ஞாயிறு, இரவு 10.02

நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. சுபாங் என்றதும் எழுதத் தோன்றியது.

என் அப்பா அப்போது சுங்கை பூலோ பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். 1977 செப்டம்பர் 27. மோசமான வானிலை. ஹாங்காங்கிலிருந்து சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதிவிட்டது. 79 பேரில் 34 பேர் இறந்தார்கள். அப்பாவும் இன்னும் சிலரும் ஓடினார்கள். ரப்பர் மரங்கள் வரிசையாக ஒடிந்து கிடந்தனவாம். பால் வடிகிற மரத்தில் பெட்டிகளும் துணிகளும் தொங்கினவாம். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கித்தான் தூக்குதான் அன்றைக்கும். சாக்கைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன்பிறகு அப்பா பிளேன் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு அது போகும்வரை மேலே பார்ப்பார். கடைசிவரை அப்படித்தான். இப்போது எல்மினா என்ற பெயரில் பெரிய வீடமைப்புப் பகுதி இருக்கிறது.

அது மாஸ் இல்லை என்று சொல்வீர்கள். சரி. ஆனால் மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 4. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வந்த மாஸ் 737, எம்எச் 653, கடத்தப்பட்டு, ஜொகூர் தஞ்சோங் குப்பாங்கில் விழுந்தது. நூறு பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. விவசாய அமைச்சர் அலி அகமதுவும் ஜப்பானுக்கான கியூபா தூதரும் அதில் இருந்தார்கள். உள்ளே என்ன நடந்தது, யார் செய்தது என்பது இன்றுவரை முழுதாகத் தெளியவில்லை. ஜொகூர் பாருவில் நினைவிடம் இருக்கிறது, ஜாலான் கெபுன் தே என்ற சாலையில். தேயிலைத் தோட்டச் சாலை. அங்கேயும் தோட்டம்தான், பாருங்கள்.

பழைய காலம் பொற்காலம் என்று பேசும்போது இந்த இரண்டையும் யாரும் சொல்வதில்லை. குறை சொல்லவில்லை. எனக்கு மாஸ் பிடிக்கும்.

கிராணி மகன் | ஞாயிறு, இரவு 10.47

மாமா, எழுதியதற்கு நன்றி. 1983 டிசம்பரிலும் ஒன்று நடந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த மாஸ் ஏ300 மழையில் சுபாங் ஓடுதளத்துக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே மரங்களுக்குள் இறங்கிவிட்டது. விமானம் எரிந்துபோனது, உள்ளே இருந்த 247 பேரும் தப்பிவிட்டார்கள். அந்தச் செய்தியை அப்பா சத்தமாக வாசித்தது நினைவிருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்.

பெரட்டுக்களம் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், நான் பறந்தவன்தான். ஒரே ஒரு தடவை, பத்து வயதில், கோத்தா பாருவுக்கு, ஃபோக்கர் எஃப்27-இல். மறைக்க என்ன இருக்கிறது? அதில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், அதனால் எங்கே உட்கார்ந்தாலும் தரை தெரியும். ஜன்னல்களும் பெரியவை, முட்டை வடிவம். சக்கரம் என்ஜினுக்குக் கீழேயிருந்து தொங்கும். தரையை விட்டதும் அது மடங்கி உள்ளே போவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். ரோல்ஸ்ராய்ஸ் டார்ட் என்ஜின், காதைக் கிழிக்கிற ஊளை. பணிப்பெண் மிட்டாய்த் தட்டை நீட்டினார். நான் ஒன்று எடுத்தேன். அப்பா என்னை முறைத்துவிட்டு, தான் நான்கு எடுத்தார்.

மேலேயிருந்து பார்த்தால் தோட்டம் சீப்பு வைத்துச் சீவிய தலை மாதிரி இருந்தது. லயம் எங்கே என்று தேடினேன். துரை பங்களா மட்டும் தெரிந்தது, சுற்றிப் பச்சைப் புல்லோடு. லயத்துக் கூரை மண்ணோடு மண்ணாகத் தெரியவில்லை. அதை வீட்டில் சொன்னபோது அம்மா, "அவ்வளவு உயரத்திலிருந்துமா?" என்றார்.

பெரட்டுக்களம் | திங்கள், காலை 6.55

வேலைக்குப் போகிற அவசரத்தில் எழுதுகிறேன்.

அண்ணே, நேற்று கொஞ்சம் சூடாகிவிட்டேன். லோரி மாமா எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நான் ஏன் அப்படிப் பேசினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1998 ஜூன் 27 கேஎல்ஐஏ திறந்தார்கள். சிப்பாங் பக்கம் சுமார் நூறு சதுர கிலோமீட்டர் நிலம், பெரும்பாலும் செம்பனை. காட்டு மரத்தை நட்டு, காட்டுக்குள் விமான நிலையம் என்று பெருமையாகச் சொன்னார்கள். அதற்காக இடம் மாற்றப்பட்ட தெமுவான் பழங்குடி மக்கள்தான் பந்திங் பக்கம் புசுட் பாரு கிராமத்தில் இருக்கிறார்கள். நாங்கள் தோட்டத்து ஆட்கள், எங்களுக்கென்று கிராமம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு காகிதம் கொடுத்தார்கள், வீட்டைக் காலி செய்தோம். அப்பா டவுனில் வாடகைக்குப் பிடித்தார். கோயில் சாமியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம். சூலத்தை மூன்று பேர் தூக்கினார்கள்.

1999-இல் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எங்கேயும் பறக்க இல்லை, சும்மா பார்க்கத்தான். எல்லாம் கண்ணாடி, எல்லாம் குளிர். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், தரை அவ்வளவு சுத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாஸ் ஜம்போ ஒன்று நின்றது. அம்மா அதைப் பார்க்கவில்லை. இப்படியும் அப்படியும் திரும்பி, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, கடைசியில் ஓடுதளத்தைக் காட்டி, "முனீஸ்வரன் அங்கே இருந்தார்" என்றார். காட்டிய இடம் சரியா தவறா, யாருக்குத் தெரியும்? அங்கேயே நின்று கும்பிட்டார். பக்கத்தில் பெட்டி தள்ளிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவரும் பயணத்துக்குத்தான் கும்பிடுகிறார் போல என்று நினைத்து, அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பஸ் வந்துவிட்டது.

சடக்கோர வீடு | திங்கள், காலை 9.20

தம்பி. வேறெதுவும் எழுதத் தெரியவில்லை.

மங்குவாளி | திங்கள், காலை 9.41

டவுனுக்கு வரும்போது சொல்லுப்பா, ஒரு தே தாரிக் சாப்பிடலாம். பெரியம்மா கதையில் பாதியை நான் விட்டுவிட்டேன். அவர் ஆறு மாதத்தில் திரும்பி வந்தார். ஊரில் யாரும் அவரைத் தெரிந்துகொள்ளவில்லை. 'மலாய்க்காரி' என்றே கூப்பிட்டார்களாம். சுபாங்கில் இறங்கி வெளியே வந்ததும், "பசியாறினீங்களா?" என்று எங்களைத்தான் முதலில் கேட்டார். அந்தத் தடவை லோரி கிடைக்கவில்லை, டாக்சியில் நான்கே பேர் போனோம்.

தெலுக்டத்தோ பையன் | திங்கள், இரவு 9.05

எல்லாருக்கும் நன்றி. பை திறந்துவிட்டது. அம்மா ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, பத்து நிமிஷம் மல்லுக்கட்டித் திறந்தார்.

உள்ளே: தாத்தாவின் சிவப்பு ஐசி. பாட்டியின் நீல ஐசி, அது குடியுரிமை உள்ளவர்களுடையது. அம்மா, மாமாக்கள் பிறப்புப் பத்திரங்கள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்கில் சுற்றி. தாத்தா குடியுரிமைக்குப் போட்ட மனுவின் நகல்கள், மூன்று வெவ்வேறு வருஷத்தவை. அடியில் ஒரு அந்துருண்டை, கடுகளவு.

எங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தில் யாருமே பிளேன் ஏறவில்லையாம். கிராணி வீட்டம்மா மாற்றலாகிப் போகும்போது வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன பை அது. ஜிப்போடு இருக்கிறதே, மழைக்குத் தாங்குமே என்று பாட்டி எடுத்து வைத்துக்கொண்டார். லயத்தில் வெள்ளம் வந்தால் முதலில் தூக்குவது அந்தப் பையைத்தான் என்று அம்மா சொல்கிறார்.

கிராணி மகன் | திங்கள், இரவு 9.11

எந்தத் தோட்டம் தம்பி? சும்மா கேட்கிறேன்.

தெலுக்டத்தோ பையன் | திங்கள், இரவு 9.14

நீங்கள் நினைக்கிறது இல்லை அண்ணே. இது லங்காட் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

ஜிப் திறந்துவிட்டது, இப்போது மூட மாட்டேன் என்கிறது. பந்திங்கில் இதைச் சரிசெய்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?

சடக்கோர வீடு | திங்கள், இரவு 9.30

கடையில் கொடுத்தால் புது ஜிப் போட்டுவிடுவார்கள், கொடுக்காதே. பழைய பித்தளை ஜிப் இப்போது கிடைக்காது. தலையை மட்டும் குறட்டால் லேசாக நெருக்கினால் பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வா. காகிதங்களை எடுத்துவிட்டுக் கொண்டு வா.